பழைய அறிபுனையின் ரசிகர்கள் இப்போது எதைப் படிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "கல்லூரிக் காலத்தில் அசிமோவ், கிளார்க் என்று தேடித் தேடிப் படித்தேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. அந்தப் பழைய அறிவியல் புனைகதைகளை விரும்புகிறவர்கள் இப்போது எதைப் படிக்கிறார்கள்? நான் மறுபடி எங்கிருந்து தொடங்கலாம்?"

நீங்கள் விட்டுப்போன அலமாரி அங்கேயேதான் இருக்கிறது. அதில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள்தான் இடம் மாறிவிட்டன. கண் மட்டத்தில் இருந்த சில பெயர்கள் மேல்தட்டுக்குப் போய்விட்டன, பின்வரிசையில் தூசி படிந்து கிடந்த சில முன்னால் வந்திருக்கின்றன, அலமாரியிலேயே இல்லாத சில புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. கிளாசிக் என்றால் முடிந்துபோன பட்டியல் என்று நாம் பழகிவிட்டோம். பழைய அறிபுனை வாசகர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பட்டியலையே கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்று அவர்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால் உங்களுக்குப் பழக்கமான பெயர்களோடு, நீங்கள் கேள்வியே படாத பெயர்களும் வரும். பழைய ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பதில் இருக்கும் சந்தோஷம் தனி. நானும் பல ஆண்டுகளாக அந்தச் சந்தோஷத்துக்காகவே படித்துக்கொண்டிருக்கிறேன்.

திரைக்கு வந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டெனி வில்னவ் 2021-லும் 2024-லும் 'டியூன்' நாவலை இரண்டு படங்களாக எடுத்த பிறகு, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் அந்த 1965 நாவலை முதல்முறையாகப் படித்தவர்கள் ஏராளம். சுமார் இருபது பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, கடைசியில் கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போன ஒரு நிறுவனம் வெளியிட்ட புத்தகம் அது. ஆனால் பழைய ரசிகர்கள் இப்போது அதிகம் பேசுவது அதன் அடுத்த பாகமான 'டியூன் மெசையா' (1969) பற்றி. முதல் பாகத்தை நாயகனின் வெற்றிக்கதையாக வாசித்தவர்களுக்கு, அந்த நாயகனை நம்பியதன் விலை என்ன என்று இரண்டாம் பாகம் கணக்குக் காட்டுகிறது. அளவிலும் முதல் பாகத்தில் பாதிகூட இல்லை. நீங்கள் 'டியூன்' படித்துவிட்டு அங்கேயே நிறுத்தியவர் என்றால் கதையின் பாதியோடுதான் நிற்கிறீர்கள்.

'ஃபவுண்டேஷன்' 2021 முதல் தொலைக்காட்சித் தொடராக வருகிறது. தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். புத்தகத்தில் பெரும்பாலும் யாரோ இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அசிமோவ் அவற்றை 1942 முதல் 1950 வரை 'அஸ்டவுண்டிங்' இதழில் தனித்தனிக் கதைகளாக எழுதினார், புத்தகமாகத் தைத்தது பின்னால். ஆகவே ஒரே மூச்சில் நாவல் போலப் படிக்காமல் ஒரு கதை, ஒரு வாரம் இடைவெளி, அடுத்த கதை என்று படித்துப் பாருங்கள். அந்தக் காலத்து வாசகர் மாதக்கணக்கில் காத்திருந்து படித்த எழுத்து அது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு முடிச்சு அவிழும் அழகு அப்போதுதான் தெரியும்.

கிளார்க்கைப் பொறுத்தவரை வானமே அவரைத் திரும்பப் படிக்க வைக்கிறது. 1973-இல் வந்த 'ரான்டேவூ வித் ராமா' நினைவிருக்கும். 2131-ஆம் ஆண்டு சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் நீள உருளை ஒன்று வருகிறது. கிரேக்க, ரோமானியப் புராணப் பெயர்களெல்லாம் தீர்ந்துபோய் வானியலாளர்கள் இந்துப் புராணப் பெயர்களுக்கு வந்திருப்பதால் அதற்கு ராமா என்று பெயர் வைக்கிறார்கள். கதையில் நடந்தது போலவே 2017-இல் நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து 'ஓமுவாமுவா' என்ற பொருள் வந்தது. 2019-இல் போரிசோவ் வால்நட்சத்திரம். 2025 ஜூலையில் மூன்றாவதாக அட்லஸ். இப்படி ஒன்று வரும் ஒவ்வொரு முறையும் 'ராமா' மறுபடி கைக்கு வருகிறது. இரண்டாம் முறை படிப்பவர்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன்: இந்த நாவலின் பெருமை அது எதையும் விளக்காமல் விட்டதில் இருக்கிறது. மனிதர்கள் உள்ளே போகிறார்கள், பார்க்கிறார்கள், வெளியே வருகிறார்கள். வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. பிற்பாடு வந்த தொடர்ச்சி நாவல்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம், அவை அந்த மௌனத்தைக் கலைத்துவிடுகின்றன.

இனி, இன்றைய வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இயந்திரங்கள் எல்லோர் கையிலும் வந்துவிட்டதால், பழைய ரசிகர்கள் எந்திரக் கதைகளைத் தேடித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோண்டலில் திரும்பத் திரும்ப மேலே வரும் ஒரு சிறுகதை, மர்ரே லைன்ஸ்டர் எழுதிய 'எ லாஜிக் நேம்ட் ஜோ'. 'அஸ்டவுண்டிங்' இதழில் 1946 மார்ச்சில் வந்தது. தொடக்க கால மின்னணுக் கணினியான எனியாக்கை உலகுக்கு அறிவித்ததே அதற்கு முந்தைய மாதம்தான், டிரான்சிஸ்டர் அப்போது பிறக்கவே இல்லை. அந்தக் கதையில் ஒவ்வொரு வீட்டிலும் 'லாஜிக்' என்ற கருவி இருக்கிறது. திரை உண்டு, தட்டச்சுப் பலகை உண்டு. தகவலெல்லாம் சேமித்து வைத்த ஒரு மையத்தோடு அது இணைந்திருக்கும். வானிலை கேட்கலாம், கணக்குப் போடலாம், தொலைவில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசலாம். தயாரிப்பில் நேர்ந்த ஒரு சின்னப் பிசகால் ஜோ என்ற ஒரு கருவி மட்டும் கொஞ்சம் சுயமாக யோசிக்கத் தொடங்குகிறது. அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் உதவ நினைக்கிறது, அவ்வளவுதான். விளைவு: யார் எதைக் கேட்டாலும், வங்கியைக் கொள்ளையடிக்க வழி கேட்டாலும்கூட, சரியான பதில் வருகிறது.

இந்தக் கதை எதிர்காலத்தைச் சரியாக ஊகித்துவிட்டது என்று வியப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இதைச் சொல்பவன் விஞ்ஞானி கிடையாது, அந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சாதாரண ஆள். உலகமே குழம்பிக்கொண்டிருக்கும்போது அவன் கவலையெல்லாம் தன் வேலை, தன் குடும்பம் பற்றித்தான். புதிய தொழில்நுட்பம் நம் வாழ்க்கைக்குள் நுழைவதும் இப்படித்தானே. பெரிய மேடைகளில் அதைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் நமக்கு அது வந்து சேர்வது வீட்டு மேசை மேல்.

இதே வரிசையில் போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் 1965-இல் வெளியிட்ட 'சைபீரியாட்'. ட்ரூர்ல் என்ற பொறியாளர் கவிதை எழுதும் எந்திரம் ஒன்றைக் கட்டுகிறார். கட்டும்போது அவருக்கு ஒரு சிக்கல் புரிகிறது. ஒரு கவிஞனின் தலைக்குள் இருப்பது அவன் மட்டும் சேர்த்தது அன்று, அவன் பிறந்த நாகரிகம் முழுக்க அங்கே இருக்கிறது. அந்த நாகரிகத்துக்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் இன்னொன்று. ஆகவே கவிஞனைச் செய்ய வேண்டுமென்றால் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் எந்திரத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். செய்கிறார். அப்புறம் போட்டிப் பொறியாளர் வந்து எந்திரத்தை மடக்குவதற்காக, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களால் முடிவெட்டுவது பற்றிக் கம்பீரமான ஒரு சோகக் கவிதை கேட்கிறார். மைக்கேல் கேண்டல் இதை 1974-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த விதம் மொழிபெயர்ப்புக் கலையின் உச்சங்களில் ஒன்று. போலிஷ் மொழியில் ஓர் எழுத்தை வைத்து ஆடிய ஆட்டத்தை ஆங்கிலத்தில் அவர் புதிதாகவே ஆடியிருக்கிறார். சிலேடையும் சித்திரக்கவியும் ரசித்து வளர்ந்த நமக்கு அந்த அத்தியாயம் தரும் இன்பம் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்வேன்.

அசிமோவின் எந்திரன் கதைகளையும் இப்போது வேறு கண்ணோடு படிக்கிறார்கள். எந்திரன்கள் மீற முடியாத அவருடைய மூன்று விதிகள் முழுதாக எழுதப்பட்டது 1942-இல் வந்த 'ரன்அரவுண்ட்' கதையில். சின்ன வயதில் அந்த விதிகளைப் பாதுகாப்புக் கவசம் என்று நினைத்தோம். மறுபடி படித்துப் பாருங்கள், பெரும்பாலான கதைகள் விதி எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியவை. சொல்லில் தெளிவாக இருக்கும் ஒரு கட்டளை நடைமுறையில் எப்படித் தடுமாறும் என்று அந்த இளைஞர் இருபத்திரண்டு வயதிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

லெம் பெயர் வந்துவிட்டதால் மொழிபெயர்ப்புகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் இருபது வருட இடைவெளியில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். 'சோலாரிஸ்' 1961-இல் போலிஷ் மொழியில் வந்தது. 1970-இல் வந்த ஆங்கில வடிவம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. பிரதியின் பிரதி. ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்த லெம் அதில் திருப்தி அடையவே இல்லை. நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் 'சோலாரிஸ்' படித்த எல்லோரும் படித்தது அதைத்தான். 2011-இல் பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தது முதலில் ஒலிநூலாகவும் பிறகு மின்னூலாகவும் வந்தது. முன்பு படித்தவர்கள் பலர் இதற்காகவே திரும்பப் போகிறார்கள். கடலாகப் பரந்த ஓர் உயிரைப் புரிந்துகொள்ள மனிதர்கள் நூறாண்டுக்கு மேலாக நூல்களாக எழுதிக் குவித்திருக்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. அந்த நூலகப் பக்கங்களை முதல் வாசிப்பில் நான் தாண்டிப் போனேன். இப்போது எனக்கு நாவலின் இதயமே அங்கேதான் இருப்பதாகத் தெரிகிறது.

அவருடைய 'இன்வின்சிபிள்' (1964) நாவலுக்கும் இதே கதைதான்: முதல் ஆங்கிலப் பிரதி ஜெர்மன் வழியாக வந்தது, நேரடி மொழிபெயர்ப்பு 2006-இல். ஒரு கோளில் கைவிடப்பட்ட இயந்திரங்கள் தமக்குள் போட்டியிட்டுப் பரிணாமம் அடைந்து, கடைசியில் பூச்சிக் கூட்டம் போன்ற சின்னஞ்சிறு உலோகத் துகள்களாக மிஞ்சியிருக்கின்றன. தனியாக ஒவ்வொன்றும் ஒன்றுமில்லை. கூடினால் எந்த ஆயுதமும் எடுபடாது. கூட்டமாகப் பறக்கும் ட்ரோன்களைச் செய்திகளில் பார்க்கும் காலத்தில் இதைப் படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

ரஷ்யர்களில் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள். 'ரோட்சைட் பிக்னிக்' 1972-இல் இதழில் வந்தது, புத்தகமாக வர எட்டு ஆண்டு இழுத்தடித்தார்கள், வந்தபோது தணிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைத்திருந்தார்கள். அந்த வெட்டுகள் இல்லாத பிரதியிலிருந்து ஒலேனா போர்மஷென்கோ செய்த புதிய மொழிபெயர்ப்பு 2012-இல் வெளியானது. தணிக்கையோடு நடந்த போராட்டத்தைப் பற்றி, சகோதரர்களில் ஒருவரான போரிஸ் எழுதிய பின்னுரையும் அதில் உண்டு. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து போய்விட்டார்கள், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் விட்ட குப்பையை எறும்புகள் மொய்ப்பது போல, அவர்கள் விட்டுச் சென்றவற்றை மனிதர்கள் திருடி விற்கிறார்கள். இதை வைத்துத்தான் தார்க்கோவ்ஸ்கி 1979-இல் 'ஸ்டாக்கர்' எடுத்தார். படம் வேறு, நாவல் வேறு. நாவலில் கடன், குடி, பிழைப்பு, ஒரு குழந்தையின் நோய் என்று மண் ஒட்டிய வாழ்க்கை இருக்கிறது. ஒரே ஒரு மொழிபெயர்ப்பு அறிபுனை மட்டும்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால் இதையே கொடுப்பேன்.

அலமாரியில் ஏற்பட்ட இன்னொரு பெரிய மாற்றம் பெண் எழுத்தாளர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் எழுதவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. எழுதினார்கள், நிறையவே எழுதினார்கள். தொகுப்பு நூல்கள் போடும்போதுதான் அவர்கள் விடுபட்டுப்போனார்கள். லிசா யாசெக் தொகுத்த 'தி ஃபியூச்சர் இஸ் ஃபீமேல்' என்ற இரண்டு தொகுதிகள் (2018, 2022) இதைப் பலருக்குக் கண்முன் காட்டின. ஒரு மாலையில் தொடங்க வேண்டுமென்றால் சி. எல். மூர் 1944-இல் எழுதிய 'நோ உமன் பார்ன்' படியுங்கள். தீ விபத்தில் உடல் அழிந்துபோன ஒரு நடனக் கலைஞரின் மூளையை உலோக உடலுக்குள் வைக்கிறார்கள். அவள் மறுபடி மேடை ஏற விரும்புகிறாள். உடலைச் செய்து கொடுத்தவரும் அவளுடைய மேலாளரும் அவளைக் கண்டு இரங்குகிறார்கள், பயப்படுகிறார்கள், அவள் என்ன ஆனாள் என்று தங்களுக்குள் முடிவு செய்கிறார்கள். அவள் அமைதியாக அவர்களுக்குப் பதில் சொல்லும் இடம் இருக்கிறதே, எண்பது ஆண்டு ஆகியும் அதன் கூர் மழுங்கவில்லை.

அடுத்து லீ பிராக்கெட். திரைப்பட ரசிகர்களுக்கு இவர் 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் படத்துக்கு முதல் திரைக்கதை வரைவு எழுதியவர். 1955-இல் இவர் எழுதிய 'தி லாங் டுமாரோ' நாவலில், அணுப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு மேல் ஓர் ஊரில் வாழக்கூடாது என்று அரசியல் சட்டமே தடை போட்டிருக்கிறது. நகரமே பாவத்தின் ஊற்று என்று நம்பும் அந்த உலகத்தில் இரண்டு பையன்களுக்கு அறிவுப் பசி. ஒரு வானொலிப் பெட்டி கையில் கிடைத்ததும் அவர்கள் நடுங்கும் நடுக்கம் மறக்க முடியாதது. அறிவின் பக்கம் நின்றுகொண்டே, அந்த அறிவைக் கண்டு மக்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதையும் நேர்மையாகக் காட்டுகிறார்.

ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண் என்று எல்லோரும் நம்பிய அந்த எழுத்தாளர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது 1977-இல் தெரிந்தது. இந்த எழுத்தில் ஆண்மை தெறிக்கிறது என்று ஒரு பெரிய எழுத்தாளர் முன்னுரையே எழுதியிருந்தார். இந்தத் துணுக்கை வைத்தே இவரைப் பேசிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேசவேண்டியது கதைகளை. 'ஹெர் ஸ்மோக் ரோஸ் அப் ஃபாரெவர்' தொகுப்பை எடுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம், தாங்காது. ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' 1993-இல் வந்தது, கதை தொடங்குவது 2024-இல். தீயும் வறட்சியும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளுமாக அவர் எழுதிய ஆண்டை நாமே வாழ்ந்து கடந்துவிட்டோம். அவர் இறந்து பதினான்கு ஆண்டு கழித்து 2020-இல்தான் அந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

இளம் வாசகர்கள் நடுவில் இப்போது கைமாறிக்கொண்டே இருக்கும் இன்னொரு புத்தகம், பெல்ஜிய எழுத்தாளர் ஜாக்லின் ஆர்ப்மான் 1995-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய 'ஐ ஹூ ஹேவ் நெவர் நோன் மென்'. பூமிக்கடியில் ஒரு கூண்டு, அதில் முப்பத்தொன்பது பெண்கள், ஒரு சிறுமி. ஏன் அடைத்தார்கள் என்று தெரியாது. முதலில் ஆங்கிலத்தில் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுபதிப்புக்குப் பிறகு வாசகர்கள் வாய்வழியாகவே அதைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். இது கிளாசிக்கா என்று சிலர் கேட்கிறார்கள். 'ராமா'வை ரசித்த மனம் இதையும் ரசிக்கும், விளக்கம் தராத அதே துணிச்சல் இதிலும் இருக்கிறது. எனக்கு அந்தப் பதில் போதும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில், மிகப் பழையதை நோக்கிப் போகிறவர்களும் உண்டு. எச். ஜி. வெல்ஸின் பெரிய நாவல்களுக்கும் 1930-களின் இதழ்க் காலத்துக்கும் நடுவில் உள்ள முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளை 'ரேடியம் காலம்' என்று அழைத்து, எம்.ஐ.டி. பதிப்பகம் 2022 முதல் ஒரு வரிசையே வெளியிடுகிறது. பேகம் ரொக்கேயா 1905-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்', ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' (1909), டு பாய்ஸின் 'தி காமெட்' (1920) எல்லாம் இந்தக் காலத்தவை. ஃபார்ஸ்டர் கதையில் ஒவ்வொருவரும் தனி அறைக்குள் உட்கார்ந்து திரை வழியாகவே பேசுகிறார்கள், பிறரைத் தொடுவது அநாகரிகம். 2020-இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் இதைப் படிக்காத அறிபுனை ரசிகர் குறைவு. ஓலாஃப் ஸ்டேபிள்டனையும் இங்கே சொல்ல வேண்டும். 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' (1930) இருநூறு கோடி ஆண்டு மனித வரலாறு, பதினெட்டு மனித இனங்கள். 'ஸ்டார் மேக்கர்' (1937) அதையும் ஒரு சிறு புள்ளியாக்கிவிடும். நட்சத்திரத்தையே சுற்றி வளைத்து அதன் ஒளியைப் பயன்படுத்தும் யோசனை தனக்கு இந்த நாவலில் கிடைத்தது என்று இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனே சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள், உரையாடல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காப்பியத்தின் பாயிரம் படிப்பது போல நிதானமாகப் படிக்க வேண்டியவை.

இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது: புத்தகத்தை விட்டுவிட்டு இதழையே படிப்பது. 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' தொடங்கினார், இந்த இதழ்க் காலத்துக்கு 2026-இல் நூறு வயது. 'கேலக்ஸி', 'இஃப்' போன்ற இதழ்களின் பழைய பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. சிலர் ஐம்பத்தைந்து ஆண்டுக்கு முன் இதே மாதம் வந்த இதழை இந்த மாதம் எடுத்து, தலையங்கம், விளம்பரம், வாசகர் கடிதம் உட்பட முழுதும் படிக்கிறார்கள். இதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். நாம் தனியாகப் பெயர்த்தெடுத்துப் போற்றும் ஒரு கதை, அன்று சுமாரான நான்கு கதைகளுக்கு நடுவில் வந்திருக்கும். அதன் உயரம் அங்கே வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இலவசமாகவும் நேர்வழியிலும் படிக்க நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு இருபத்தெட்டாம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இதழ்க் கதைகள் பலவற்றை யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் ஆண்ட்ரே நார்ட்டன், எச். பீம் பைப்பர், பிலிப் கே. டிக்கின் ஆரம்பக் கதைகள் எல்லாம் இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குடன்பர்க்கில் இருக்கின்றன. பைப்பரின் 'லிட்டில் ஃபஸ்ஸி' (1962) அங்கே கிடைக்கும் முத்து. புதிய கோளில் கண்டெடுத்த சின்ன மிருகங்களுக்கு அறிவு உண்டா இல்லையா என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும். அறிவு உண்டு என்றாகிவிட்டால் அந்தக் கோளின் மீது கம்பெனிக்கு உரிமை கிடையாது. கண் வலிப்பவர்களுக்கு லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலி வடிவங்களும் உண்டு.

இருபது வருடம் கழித்துத் திரும்பும்போது சில புத்தகங்கள் உங்களை ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வியந்த சில நாவல்களில் பெண்களே இல்லை என்று இப்போது கண்ணில் படும். வேற்றுக்கோள் என்று எழுதியது காலனியக் கனவுதான் என்று புரியும். 'அஸ்டவுண்டிங்' ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் அந்தப் பொற்காலத்தையே செதுக்கியவர். அவர் கறுப்பினத்தவர் பற்றிக் கொண்டிருந்த கருத்துகள் கொடுமையானவை. 'பாபெல்-17' (1966) எழுதிய சாமுவேல் டிலேனி, நாயகன் கறுப்பினத்தவன் என்பதால் தன் 'நோவா' நாவலைக் கேம்ப்பெல் ஏற்க மறுத்ததாக எழுதியிருக்கிறார். கேம்ப்பெல் பெயரில் இருந்த புதிய எழுத்தாளர் விருதுக்கு 2019-இல் பெயர் மாற்றினார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு பழையதை மூடி வைப்பதா என்றால், என் வழி வேறு: கேம்ப்பெல் வெளியிட்டதையும் படிக்கிறேன், அவர் மறுத்ததையும் படிக்கிறேன். 'பாபெல்-17' மொழியையே ஆயுதமாக்கும் கதை. சொல்லில் ஈடுபாடு உள்ள யாருக்கும் பிடிக்கும்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? அசிமோவும் கிளார்க்கும் பிடித்திருந்தது என்று சொல்கிறீர்கள், நீண்ட இடைவெளி வேறு. ஸ்டேபிள்டனோ லெம்மோ முதலில் வேண்டாம். கிளிஃபோர்ட் சிமாக்கிலிருந்து தொடங்குங்கள். பத்திரிகையாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், நடை தெளிந்த நீர் போல இருக்கும். அவருடைய 'வே ஸ்டேஷன்' 1963-இல் வந்து அடுத்த ஆண்டு அறிபுனைக்கான ஹியூகோ விருது பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஏனக் வாலஸ் என்ற மனிதர், நூறாண்டு கழித்தும் அதே பண்ணை வீட்டில் இளமையாக இருக்கிறார். அந்த வீடு நட்சத்திரப் பயணிகள் வழியில் இறங்கி மாறிச் செல்லும் நிலையம். வருகிறவர்களுக்கு இடம் கொடுத்து, காபி கொடுத்து, அவர்கள் தரும் புரியாத பரிசுகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவர் தனியாக வாழ்கிறார். தபால்காரர் ஒருவரும் பக்கத்து வீட்டுப் பேசாத பெண் ஒருத்தியும்தான் மனிதத் தொடர்பு. பூமியில் போர் நெருங்குகிறது. சத்தமே இல்லாமல் நகரும் அந்த நாவலில் தனிமையையும் விருந்தோம்பலையும் பற்றி இருப்பவை வயது ஏறினால்தான் முழுதும் எட்டும். நீங்கள் கல்லூரியில் படித்திருந்தால் பாதி நழுவியிருக்கும்.

சுமார் இருநூறு பக்கம், ஒரு வார இறுதி போதும். அதன் பிறகு மூரின் கதை, லைன்ஸ்டரின் கதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை. அப்புறம் 'ரோட்சைட் பிக்னிக்'. அதற்குள் பழைய வாசிப்புப் பழக்கம் கைக்கு வந்திருக்கும், 'சோலாரிஸ்' புதிய மொழிபெயர்ப்பை எடுக்கலாம்.

நடுவில் எப்போதாவது சிமாக்கிடம் திரும்பத் தோன்றினால் 'சிட்டி' (1952) இருக்கிறது. நான் இந்த மாதம் மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருப்பது அதுதான். மனிதர்கள் போய்விட்ட ஒரு காலத்தில், நாய்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் குட்டிகளுக்குப் பழங்கதை சொல்கின்றன. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் நாய் அறிஞர்கள் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. மனிதன் என்று ஓர் உயிர் உண்மையிலேயே இருந்ததா, கதை சொல்வதற்காக யாரோ கற்பனை செய்ததா என்று அவர்கள் அதில் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனிதன் கற்பனைதான் என்ற கட்சிக்கே அங்கே ஆதரவு அதிகம்.